வலிப்பு நோயாளிகளின் மாத்திரை தடைபடக் கூடாது: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

வலிப்பு நோயோடு வளர்ந்து இன்று நடுவயதை நெருங்கும் ஒருவரின் அக்கா என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். புதிய மருத்துவமனை கட்டித் தாருங்கள் என்றோ, வெளிநாட்டிலிருந்து விலை உயர்ந்த மருந்தை வரவழையுங்கள் என்றோ நான் கேட்கவில்லை. இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது; மருந்துக்கு அடங்காதவர்களில் பலருக்கு அறுவை சிகிச்சையும் இருக்கிறது; இரண்டும் நம் மண்ணிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டவை. அவை நோயாளியைச் சென்று சேரும் வழி இரண்டு இடங்களில் அறுந்துபோகிறது. அந்த இரண்டு இடங்களைச் சரிசெய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள் என்றும், முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 100க்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேற்பட்டோர் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மருந்துகளில் பலவும் பழையவை, விலை குறைந்தவை. பினோபார்பிட்டோன் 1912 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பெனிடாயினின் பயன் 1938இல் தெரியவந்தது. கார்பமசெபினும் வால்ப்ரோயேட்டும் 1960களில் வந்தன. லெவிட்டிராசிட்டம் வந்தே கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆகவே சிகிச்சை கிடைக்காமல் ஒருவர் கீழே விழுந்து அடிபடுகிறார் என்றால், அறிவியல் இன்னும் வளரவில்லை என்று அதற்குக் காரணம் சொல்லிவிட முடியாது.

வழி அறுந்துபோகும் முதல் இடம் மாத்திரை வழங்கும் ஜன்னல். எங்கள் வீட்டில் நடப்பதைச் சொன்னால் இது விளங்கும். தம்பியின் மாத்திரை அட்டைகளை அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணிப் பார்ப்பார். அட்டை குறையும்போதே கவலை தொடங்கிவிடும், ஏனென்றால் மருத்துவமனையில் சில வாரங்களுக்கு மட்டுமே மாத்திரை தருவார்கள். போய் வரிசையில் நின்று சீட்டை நீட்டினால், மூன்று மருந்துகளில் இரண்டு இருக்கும். மூன்றாவதற்கு எதிரே பேனாவால் ஒரு வட்டம் போட்டு, "இது வரலைம்மா, வெளியில வாங்கிக்கோங்க" என்பார்கள். மருந்தாளுநர் மீது குற்றமில்லை; அவரிடம் இருப்பதைத்தான் அவர் தர முடியும். கையில் காசு இருக்கும் மாதம் வெளியில் வாங்குவோம். இல்லாத மாதம், காலையும் இரவும் போட வேண்டியதை இரவு மட்டும் போட்டு நாளை ஓட்டுகிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்த வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டுப் பார்த்தாலே தெரியும்.

ரத்த அழுத்த மாத்திரையைச் சில நாள் விட்டாலும் ஆபத்துதான். ஆனால் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விளைவு சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் தொடரும் வலிப்பு உயிருக்கே ஆபத்தான அவசர நிலை. அதற்கு ஆளாகி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களிடம் மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, மாத்திரை விட்டுப்போனதா என்பதுதான். சில ரூபாய் மாத்திரை தீர்ந்துபோனதற்காக வென்டிலேட்டர் வைக்க வேண்டிவருவது அரசின் கணக்குப் புத்தகத்தின்படி பார்த்தாலும் நட்டமே.

மருந்து கிடைத்தால் போதும் என்றும் விட்டுவிட முடியாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கம்பெனி மாத்திரை வருவது வலிப்பு நோயாளிக்குச் சிறிய விஷயமன்று. குறிப்பாக, பெனிடாயினின் அளவு சற்றே கூடினாலும் ரத்தத்தில் அது அளவுக்கு மீறி ஏறிவிடக்கூடும். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும். சற்றே குறைந்தால் வலிப்பு திரும்பும். கொள்முதல் ஒப்பந்தம் மாறும்போது எல்லா மருந்துக்கும் ஒரே விதி என்று வைக்காமல், வலிப்பு மருந்துகளுக்கு மட்டுமாவது ஒரே தயாரிப்பு நீண்ட காலம் தொடரும்படி மருத்துவப் பணிகள் கழகம் வழிவகை காண வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளிலேயே ரத்தத்தில் பெனிடாயின் அளவைப் பார்க்கும் வசதியும் வேண்டும்.

இதற்குத் தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், உயர் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்த்தது. எங்கள் தெருவில் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் வரும் நாளை முதியவர்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பதை நான் பார்க்கிறேன். அவர் கொண்டுவரும் பையில் வலிப்பு மாத்திரைக்கும் நிரந்தர இடம் வேண்டும். நரம்பியல் நிபுணர் ஒரு முறை பார்த்து மருந்தையும் அளவையும் முடிவு செய்த பிறகு, குறைந்தது இரண்டு மாத மாத்திரையை ஊரிலேயே தொடர்ந்து கொடுப்பதற்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

இது என் ஆசை மட்டுமன்று. நம் எல்லையை ஒட்டிய கர்நாடகத்தின் எளந்தூர் வட்டாரத்தில் நரம்பியலாளர் கே. எஸ். மணி நடத்திய ஆய்வு, பினோபார்பிட்டோன், பெனிடாயின் என்ற இரண்டு எளிய மருந்துகளைக் கொண்டே கிராமத்தில் வலிப்பைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும் என்று காட்டி, 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அண்மை ஆண்டுகளில் பஞ்சாபின் லூதியானாவில் நரம்பியலாளர் ககன்தீப் சிங்கின் குழு, மருத்துவமனைக்கு வந்து மருந்து வாங்குவோரையும், சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து தர மருந்து பெறுவோரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மருந்தை வீட்டில் பெற்றுக்கொண்டவர்களே மாத்திரையை ஒழுங்காக எடுத்தார்கள், அவர்களுக்கே வலிப்பும் நன்றாக அடங்கியது. பஞ்சாபில் ஆய்வுக்காகச் செய்ததை அன்றாட நடைமுறையாக்கும் ஆள்பலமும் அனுபவமும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன.

கூடவே ஒரு சிறு கோரிக்கை: வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே, அடிக்கடி நீண்ட வலிப்பு வரும் நோயாளிகளின் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும், பள்ளி ஆசிரியர்களுக்கும் பேருந்து நடத்துநர்களுக்கும் முதலுதவி சொல்லித் தர வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்தபடி கூட இருந்தால் போதும். இன்றும் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிப்பவர்கள்தான் அதிகம்.

வழி அறுந்துபோகும் இரண்டாவது இடத்தைப் பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தம்பி அங்கேதான் ஆண்டுகளை இழந்தான்.

கிளாஸ்கோவில் குவான், பிராடி ஆகிய இரு மருத்துவ ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, முதல் மருந்திலேயே 47 விழுக்காட்டினருக்கும், இரண்டாவது மருந்தில் மேலும் 13 விழுக்காட்டினருக்கும் வலிப்பு நின்றதைக் கண்டது. அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் பயன் பெற்றவர்கள் மிகச் சிலரே. அதே மருத்துவமனையின் 30 ஆண்டுப் பதிவுகளை வைத்து 2018இல் மறுபடியும் பார்த்தபோது, இடையில் எத்தனையோ புதிய மருந்துகள் வந்திருந்தும், மருந்துக்கு அடங்காத அந்த மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் குறையவில்லை. இதனால்தான், சரியாகத் தேர்ந்தெடுத்து முறையாகக் கொடுத்த இரண்டு மருந்துகள் தோற்றாலே அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கொள்ள வேண்டும் என சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010இல் வரையறுத்தது. இரண்டு தோற்றதும் நோயாளியை வலிப்பு நோய்ச் சிறப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே அந்த வரையறையின் நடைமுறைப் பொருள்.

நடப்பது வேறு. என் தம்பிக்கு மூன்றாவது மருந்து சேர்ந்தது, பிறகு நான்காவது. அளவு ஏறியது, தூக்கம் கூடியது, வேலை போனது. எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில் 'நார்மல்' என்று எழுதியிருந்ததால் இனி மாத்திரைதான் என்று நாங்களும் நம்பிவிட்டோம். பல ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர், அந்த ஸ்கேன் வலிப்பு நோய்க்கான முறைப்படி எடுக்கப்படவில்லை என்றார். மெல்லிய இடைவெளிகளில், காதுக்கு அருகே உள்ள மூளைப் பகுதியான பொட்டுமடலின் உட்பகுதியில் உள்ள ஹிப்போகேம்பஸுக்குக் குறுக்காக வெட்டிப் பார்த்தால்தான் அங்கிருக்கும் சுருக்கமும் வடுவும் தெரியும். தலைவலிக்கு எடுப்பது போல எடுத்தால் அது தப்பிவிடும். அப்படி எடுத்த புதிய ஸ்கேனில் இடப்பக்கம் வடு தெளிவாகத் தெரிந்தது. ஒரே இயந்திரம்தான், கேட்ட விதம் வேறு. அரசு மருத்துவக் கல்லூரிகள் அனைத்திலும் வலிப்பு நோயாளிக்கு இந்த முறையில்தான் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்ப ஒரு ரூபாய்கூட செலவாகாது.

அறுவை சிகிச்சையின் பயனில் ஐயம் எழுப்ப இன்று இடமில்லை. கனடாவில் பொட்டுமடல் வலிப்பு உள்ள 80 பேரிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவிழக்கச் செய்யும் வலிப்பிலிருந்து விடுபட்டவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 58 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 8 விழுக்காடு. டெல்லி எய்ம்ஸில் 18 வயதுக்கு உட்பட்ட 116 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் வலிப்பிலிருந்து விடுபட்டவர்கள் முறையே 77 விழுக்காடு, 7 விழுக்காடு. நம் நாட்டுப் பிள்ளைகள், நம் நாட்டு அறுவை அரங்கு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995 முதல் இந்தச் சிகிச்சையைச் செய்துவருகிறது. தென் மாவட்டத்தார் பலர் அங்கே போகிறார்கள். இன்னும் பின்னால் போனால் பெருமை நம்முடையதுதான். மான்ட்ரியலில் நரம்பியல் அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கி, 1952இல் நரம்பியலாளர் பல்தேவ் சிங்குடன் சேர்ந்து நாட்டின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சையைச் செய்தார். அந்த அறுவை நடந்த மாநிலத்தில், எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, அப்படி ஒரு சிகிச்சை இருப்பதையே அறியாமல் நான்கு மாத்திரைகளோடு அரைத்தூக்கத்தில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் அறுவை பொருந்தாது. பொருந்தாத சிலருக்கு கழுத்து நரம்பைத் தூண்டும் கருவியும், குழந்தைகளில் சிலருக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு முறையும் உதவும். யாருக்கு எது பொருந்தும் என்று தெரிய, மூளையின் மின் அலைகளையும் வலிப்பு வரும் காட்சியையும் ஒருசேரப் பதிவு செய்யும் வீடியோ இஇஜி வைத்து நாள்கணக்கில் கவனிக்க வேண்டும். ஆகவே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவையோடு அதற்கு முந்தைய இந்தப் பரிசோதனைகளும் முழுமையாக அடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில், முதலில் மண்டலத்துக்கு ஒன்றாகவேனும், வீடியோ இஇஜி படுக்கைகள் வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பெரிய பிறவிக் குறை வரலாம். பத்தில் மூன்று, நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு வரலாம். ஆனாலும் இது மலிவானது, எங்கும் கிடைப்பது என்பதால் கல்யாண வயதுப் பெண்களுக்கும் வழக்கமாக எழுதித் தரப்படுகிறது. பயத்தில் அந்தப் பெண்ணே மாத்திரையை நிறுத்திவிட்டால் அது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. கர்ப்ப காலத்தில் இதைவிடப் பாதுகாப்பான லெவிட்டிராசிட்டம், லாமோட்ரிஜின் ஆகியவை ஆரம்ப சுகாதார நிலையம் வரை தட்டுப்பாடின்றிக் கிடைத்தால்தான் மருத்துவரால் மாற்றி எழுத முடியும். கேரளத்தில் 1998 முதல் வலிப்பும் கர்ப்பமும் குறித்த பதிவேடு ஒன்று நடந்துவருகிறது. பிரசவப் பதிவில் முன்னோடியான நம் மாநிலத்திலும் அப்படி ஒன்றைத் தொடங்கத் தடை என்ன?

ஆராய்ச்சி என்றாலே மரபணுவும் புதிய மூலக்கூறும் என்று நினைக்க வேண்டியதில்லை. வேலூர் வட்டாரத்தில் நரம்பியல் அறுவை நிபுணர் வேதாந்தம் ராஜசேகர் குழு செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, பன்றி நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போய் மூளையில் கட்டியாகத் தங்கியதே காரணம் என்று கண்டது. பன்றி இறைச்சியே தொடாதவருக்கும், கழிவு கலந்த தண்ணீராலும் கழுவாத கீரையாலும் இது வரும். அப்படியானால் கழிப்பறையும் குடற்புழு மாத்திரையும் வலிப்புத் தடுப்பு மருந்துகளே. எண்ணெய் தேய்த்துச் சுடச்சுட வெந்நீரைத் தலையில் ஊற்றும்போது சிலருக்கு வரும் வலிப்பும் தென்னிந்தியாவில்தான் அதிகம் பதிவானது. வெதுவெதுப்பான நீருக்கு மாறுவதும், தேவையானால் குளியலுக்கு முன் ஒரு குளோபசாம் மாத்திரையும் பெரும்பாலும் போதும். இப்படி எந்த மாவட்டத்தில் எந்தக் காரணம் மிகுதி, எந்த மாத்திரை எந்த மாதம் தீர்ந்தது, இரண்டு மருந்து தோற்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் சிறப்பு மையத்தை அடைந்தார்கள் என்று சொல்லும் மாநிலப் பதிவேடு ஒன்று இருந்தால், அதுவே சிறந்த ஆராய்ச்சிக்கு அடித்தளமாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2022 முதல் 2031 வரைக்கான செயல்திட்டத்தில், வலிப்பு நோய்க்கான சேவை சென்றடையும் அளவை 2021இல் இருந்ததைவிட 50 விழுக்காடு உயர்த்த உறுதியளித்துள்ளன. நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் நாள். வரும் நவம்பர் 17க்குள், மாத்திரை விநியோகத்தை மக்களைத் தேடி மருத்துவத்தோடு இணைக்கும் அரசாணையையும், இரண்டு மருந்துகள் தோற்றவரை மூன்று மாதத்துக்குள் சிறப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற நெறிமுறையையும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இவற்றை வகுக்கும் குழுவில் நரம்பியல் நிபுணர்களோடு, நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் வீட்டாரும் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
வலிப்பு நோயாளி ஒருவரின் அக்கா,
தருமபுரி மாவட்டம்.