மளிகை வியாபாரிகள் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தீபாவளி மாதம் தவிர மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சங்கக் கட்டடத்தின் மேல்தள ஒழுகல் சரிசெய்யப்பட்டது. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் பேசுவார். அவர் பேசும்போது யாரும் டீ குடிக்கப் போய்விட வேண்டாம். இந்த ஆண்டின் பெரும்பகுதி கலப்படத் தடுப்பு வேலையிலேயே போனதால், மீதி அறிக்கை அதைப் பற்றியதுதான்.

சித்திரைக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார்: "நாம கலக்கலை. மேலே இருந்தே கலந்து வந்தா நாம என்ன செய்ய முடியும்?" நியாயமான கேள்வி. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 51-வது பிரிவுப்படி, தரம் குறைந்த பொருளை விற்றவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சில்லறைக் கடையில் மாதிரி எடுத்தால் நோட்டீஸ் முதலில் நம் வாசலுக்குத்தான் வரும். ஆனால் அதே சட்டத்தின் 26-வது பிரிவு, நமக்குச் சரக்கு விற்பவர் அதன் தரத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும் என்கிறது. பில்லையே அந்த உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளலாம். தக்க கவனத்தோடு வாங்கினோம் என்று நிரூபித்தால் 80-வது பிரிவில் நமக்குத் தற்காப்பும் இருக்கிறது. துண்டுச்சீட்டில் சரக்கு இறக்குகிறவர் எதை வைத்து நிரூபிப்பார்?

அப்புறம், கடையில் உள்ள எல்லாப் பொருளையும் சந்தேகப்பட்டால் வியாபாரம் நடக்காது. எதில் ஏமாற்று அதிகம் வரும் என்று தரம் பிரிக்க வேண்டும். அதற்காக வைகாசியில் தனியாக ஒரு கூட்டம் போட்டோம். ஒவ்வொரு சரக்குக்கும் சில கேள்விகள்: அசலுக்கும் கலக்கிற பொருளுக்கும் விலையில் எவ்வளவு இடைவெளி? கண்ணால் பார்த்தால் தெரியுமா, இல்லை தூளாகவோ திரவமாகவோ வருகிறதா? நம் கைக்கு வருமுன் எத்தனை கை மாறுகிறது? இந்த வருஷம் விளைச்சல் குறைவா? மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகு, பெருங்காயம், நெய், தேன், கருப்பட்டி எல்லாம் பட்டியலில் மேலே வந்தன. உப்பும் சீனியும் அடியில் போயின. சீனியில் கலக்க அதைவிட மலிவாக என்ன கிடைக்கும்? அதுதான் மற்றதில் போய்க் கலக்கிறது.

கருப்பட்டி விவாதம் மட்டும் அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பதநீர் இறங்குவது கோடையை ஒட்டிய சில மாதங்கள்தான். பனையேற ஆள் கிடைப்பதும் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. இருந்தும் மார்கழியில் கடை கடையாகச் சரக்கு போடும் ஒரு லைன் வண்டி கேட்ட அளவுக்குக் கருப்பட்டி இறக்குகிறது, அதுவும் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி விலையில் பாதிக்கு. அது எங்கே காய்ச்சியது என்று கேட்டால் ஏஜென்ட் சிரிக்கிறார். அந்த விலைக்குள் சீனிப்பாகு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. சீசனில் காய்ச்சும் இடத்திலேயே பேசி, மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்வது என்று சில உறுப்பினர்கள் முடிவெடுத்துள்ளார்கள். விலை கூடத்தான் செய்யும். வாடிக்கையாளரிடம் காரணம் சொல்லி விற்க வேண்டியதுதான்.

கடையிலேயே செய்யும் எளிய சோதனைகளுக்கு ஆவணியில் ஒரு செய்முறை நடத்தினோம். மிளகில் கலந்த பப்பாளி விதை தண்ணீரில் மிதக்கும். ஆனால் முற்றாத மிளகும் மிதக்கும் என்பதால் மிதந்ததை எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். சாயம் போட்ட மஞ்சள்தூள் தண்ணீரை அடர் மஞ்சளாக்கும். இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் சோதனையை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்தார்கள். நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மெலமைனில் நைட்ரஜன் அதிகம் என்பதால், சோதனையில் புரதம் கூடுதலாகத் தெரியும். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். ஏமாற்றுகிறவன் சோதனையை நமக்கு முன்பே படித்துவிடுகிறான்.

எதைச் செய்தால் குறையும் என்பதற்கு வங்கதேசத்து மஞ்சளைச் சொல்லலாம். அங்கே 1980-களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளைப் பளிச்சென்று காட்ட ஈயக் குரோமேட் என்ற நச்சு மஞ்சள் நிறமியைப் பூச ஆரம்பித்தார்கள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. 2019-ல் அரசு மொத்தச் சந்தையிலேயே இறங்கிச் சோதித்து அபராதம் போட்டது, ஆபத்தை ஊரறியச் சொன்னது. அந்த ஆண்டு 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம், 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மாதிரி எடுப்பதைச் சில்லறைக் கடையோடு நிறுத்தாமல் கமிஷன் மண்டியிலும் அரவை ஆலையிலும் எடுக்க வேண்டும் என்று நாம் தை மாதம் போட்ட தீர்மானத்துக்கு இதுதான் அடிப்படை. தீர்மானம் உரிய அதிகாரிக்கு அனுப்பப்பட்டுள்ளது. பதில் இன்னும் வரவில்லை.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுக்க வந்தால் பதறாதீர்கள், தகராறும் செய்யாதீர்கள். மாதிரி நான்கு பங்காகப் பிரிக்கப்படும். ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்கள் கேட்கலாம். அதை அப்போதே கேட்டுவிடுங்கள். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அதில் ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. சரக்கு வந்த தேதி, லாட் எண், பில் மூன்றையும் ஒரு நோட்டில் சேர்த்து வைத்திருப்பவருக்கு இதெல்லாம் பெரிய வேலையே இல்லை.

பில் தர மறுக்கும் மொத்த வியாபாரியிடம் யாரும் வாங்குவதில்லை என்ற யோசனைக்குக் கூட்டத்தில் கைதட்டல் பலமாக இருந்தது; கையெழுத்து அவ்வளவு இல்லை. கடன் தருகிறவரை விட்டு வர எல்லோராலும் உடனே முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் பட்டியலில் மேலே உள்ள சரக்குகளுக்கு மட்டுமாவது வரும் ஆடி முதல் இதைக் கடைப்பிடிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. ஒப்புதல் படிவம் வாசலில் மேஜை மேல் இருக்கிறது. தூள் வகைகளைத் திறந்த மூட்டையில் வைத்து அள்ளி விற்பதையும் இத்தோடு நிறுத்தியாக வேண்டும்; பொட்டலமாக மட்டுமே விற்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி.

வரவு செலவுக் கணக்கை இப்போது பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்