ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்து தொடங்கலாம்

பாளையங்கோட்டை, தூத்துக்குடி, ஆசாரிப்பள்ளம், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர மருத்துவம் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்கும் மருத்துவன் எழுதுகிறேன். அவசர மருத்துவத்தை எப்படிக் கற்பிப்பது என்பதை உங்கள் நான்கு கல்லூரிகளும் சேர்ந்து ஆராய வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அறுப்புக் காலத்தில் வயலில் பாம்புக் கடிபட்டு வருகிறவர்களுக்கு நாம் முதலில் செய்வது 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, அப்புறம் ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் ரத்தத்தை விஷம் பாதித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இவ்வளவுதான். ஆனால் பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ எடுத்தால், நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கலாம். விஷமுறிவு மருந்து தேவைப்படாதவருக்கும் அதை ஏற்றிவிடுவோம். அந்த மருந்தின் ஒவ்வாமையே சிலருக்கு உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும். கட்டுவிரியன் கடி வேறு மாதிரி. ரத்தம் நன்றாக உறையும், ஆளுக்கு இமை சொருகும். குழாயை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பினால் போச்சு.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த இடத்தில் இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒரு சிஸ்டர்தான் என் கையிலிருந்த கழுவிய குழாயை வாங்கி வைத்துவிட்டுப் புதுசு எடுத்துத் தந்தார். அன்று அவருக்கு டியூட்டி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

பயிற்சி மருத்துவருக்கு அவசரப் பிரிவில் கிடைப்பது 2 வாரம். அதற்குள் ஒரு பாம்புக்கடிகூட வராமல் போகலாம். அரளி விதை நஞ்சில் இதயத் துடிப்பு தடுமாறும் நோயாளியைப் பார்க்காமலே ஒருவர் வெளியே வந்துவிடலாம். அந்தக் குறையை பொம்மை வைத்துப் பழக்கினால் தீருமா, வாரம் பத்து நிமிடம் படுக்கை ஓரத்தில் சொல்லித் தந்தால் தீருமா? மூன்று மாதம் கழித்து எது கையில் நிற்கிறது? ஒரு கல்லூரி தனியாக இதற்கு விடை சொல்ல முடியாது. ஒரு சுற்றில் வருகிறவர்கள் சிலர்தான். நான்கு கல்லூரிகளும் ஒரே மதிப்பெண் தாளை வைத்து ஓராண்டு பார்த்தால் சொல்லலாம்.

நம் நாட்டில் அவசர மருத்துவம் தனித் துறையாக ஏற்கப்பட்டதே 2009இல்தான். நாம் புரட்டும் பெரிய பாடநூல்கள் பலவும் வயல்வரப்பைப் பார்க்காத ஊர்களில் எழுதப்பட்டவை. நம் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதை நாம்தான் ஆராய வேண்டும்.

அதனால் கேட்கிறேன், ஓர் ஆய்வுக் கூட்டமைப்பு தொடங்குங்கள். பெரிய திட்டமெல்லாம் வேண்டாம், முதல் ஆண்டுக்கு இந்தக் குழாய் ஒன்று போதும். ஒரே ஆய்வுத் திட்டத்தை எழுதி ஆய்வுக்கு அனுமதி தரும் நான்கு கல்லூரி நெறிமுறைக் குழுக்களுக்கும் ஒரே வாரத்தில் அனுப்புங்கள். கட்டுரையில் யார் பெயர் முன்னால் வரும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள். கூட்டுவேலை உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

தென்காசி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி போன்ற ஊர்களின் ஆஸ்பத்திரிகளையும் அங்குள்ள செவிலியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பித் தருகிற ஆட்களாக அல்ல, கேள்வியை உருவாக்குகிறவர்களாக. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சாலைகள் அறுந்துபோன அந்த நாட்களில், பல ஊர்களில் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தவருக்குத் தெரிந்ததுதான் நோயாளிக்குக் கிடைத்த வைத்தியம்.

முதல் கூட்டத்தைப் பாளையங்கோட்டையிலேயே வையுங்கள். தேதி சொன்னால் போதும், டியூட்டி முடித்த கையோடு முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன்.

அன்புடன்,
ஒரு தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவன்