தாகத்துக்கு முந்திய எச்சரிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வறண்ட கச்சான் காற்று வீசும் இந்நாட்களில் படுவான்கரை வயல்களில் வேளாண்மை வெட்டுக்கு நிற்பவர்கள், தாகம் எடுத்த பிறகு தண்ணீர் குடித்தால் போதும் என்று நம்புவதைக் காண்கிறேன். ஆனால் தாகம் உடலின் முதல் நடவடிக்கையன்று. வியர்வையால் நீர் குறைந்து குருதியின் செறிவு 1 அல்லது 2 வீதம் உயர்ந்தாலே, மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழ் அதை உணர்ந்து, தான் ஆக்கிய, சிறுநீரைக் குறைக்கும் சிறுநீர்ப்பெருக்கெதிர் ஓமோனைக் கபச்சுரப்பியின் பிற்பகுதி வழியாகக் குருதியில் விடுவிக்கிறது. அதன்படி சிறுநீரகங்கள் நீரை மீள உறிஞ்சிக்கொள்ள, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகிறது. உப்பைக் காக்கும் பொறுப்பு சிறுநீரகங்களின் மேலமைந்த அதிரீனல் சுரப்பியின் அல்டொஸ்டெரோன் என்ற ஓமோனுக்குரியது. வேலை முடிந்த மாலையில் சாராயம் அருந்துவோர், மதுசாரம் முற்கூறிய சிறுநீர்ப்பெருக்கெதிர் ஓமோனின் சுரப்பையே அடக்கி, மிஞ்சிய நீரையும் வெளியேற்றிவிடுகிறது என்பதை அறிவார்களோ தெரியவில்லை.

முதியவர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. வயது ஏற ஏறத் தாகவுணர்வு மங்குவதால், நீர் குறைந்திருந்தும் அவர்கள் கேட்பதில்லை. வீட்டார்தான் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நெடுநேரம் வியர்த்தவர் வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தாலும் குருதியின் சோடியம் என்னும் உப்புச்சத்து குறையும். உப்பிட்ட கஞ்சியும் மோரும் நம் முன்னோர் வயலுக்குக் கொண்டுசென்றவையே.

உடல் தன் உள்நிலையைச் சீராகக் காத்துக்கொள்வதைச் சொல்லும் ஒருசீர்த்திடநிலை என்ற பாடம் நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வரைவிலக்கணமாகவே முடிந்துவிடுகிறது. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களில் நீர் விநியோகத் திகதிகளோடு, உழைப்பவரின் உடல்நீர் பற்றியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யுமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.