பூட்டியிருந்த வீடுகளையும் கணக்கில் எடுங்கள்

இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. அம்மாவுக்கு வயது 64. இன்றும் கடற்பாசி எடுக்கப் போகிறார். விரல்களில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுப்பார். கரையேறும்போது துணி கிழிந்து விரல்நுனியில் ரத்தம் கசியும்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவுக்கும் வந்தது. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று, பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் தன்னார்வலர் வரும் நேரம் அம்மா கடலில். இரண்டு முறை வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவதாக ஒரு ஞாயிறு மாலை வந்தவரும் அவர்தான். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 180. அதோடு எத்தனை வருடம் முங்கினாரோ!

பரிசோதனைக்கு அகப்படாதவர் நோயாளிக் கணக்கிலும் வருவதில்லை. அதனால்தான், வயதான காலத்திலும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர், தாளில் ஆரோக்கியமான ஊராகத் தெரிந்துவிடும். தேசிய குடும்பநல ஆய்வின் (2019–21) மாவட்ட அறிக்கையைப் பாருங்கள்: ரத்த அழுத்தத்துக்கு 15 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எல்லோருக்கும் ஒரே கணக்கு. கல்லூரி போகும் பரமக்குடிப் பெண்ணும் பாசி எடுக்கும் பாட்டியும் அதற்குள் ஒன்று.

வீடு வீடாக எடுத்த கணக்கு உங்களிடம் இருக்கிறது. அதைக் குக்கிராமம் வாரியாக, ஆண் பெண் வாரியாகப் பிரித்து எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். 60 வயதுக்கு மேல் எத்தனை பேர், எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எத்தனை வீடு பூட்டியிருந்தது, மாத்திரை சாப்பிட்டு எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தது. பெயர் வேண்டாம். சின்ன ஊராக இருந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். அங்கே இரண்டு மூன்று ஊரைச் சேர்த்துப் போடுங்கள்.

அந்தக் கணக்கு கையில் இருந்தால் எங்கே, எப்போது வர வேண்டும் என்பது தானே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். பாசிக்காரப் பெண்களுக்கு மாலை நேரம்தான் சரி. கருவாட்டு உப்பைப் பற்றிப் பேசுவதையும் கண் பரிசோதனையையும் அதே முகாமில் சேர்த்துவிடலாம்.

வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்தத் தாளை வாசிக்கச் செய்யுங்கள். அன்றைக்கு அம்மாவைக் கடலுக்கு விடாமல் நான் கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் ஒருவரின் மகள்