அந்த ஈத்தர் வாசனை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டு வலி குறைந்திருக்கிறது, காலையில் கடற்கரை வரை நடக்க முடிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்தியின் போட்டோவை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். மூக்கு அப்படியே உன் அம்மாவின் மூக்கு என்கிறாள் என் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

உடனே பதில் போட முடியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வீட்டிலேயே இல்லை. பொள்ளாச்சி ரோட்டைத் தாண்டி உள்ளே போனால் ஒரு வறண்ட குளம் இருக்கிறது. அங்கே ரிமோட் விமானம் விடுகிறவர்கள் கூடியிருந்தோம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊட்டியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், மரப்பெட்டி ஒன்றைத் திறந்து துணியில் சுற்றிய எஞ்சினை எடுத்தார். 1.5 சிசி டீசல் எஞ்சின். பலகையில் திருகி, சின்ன பாட்டிலின் மூடியைத் திறந்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன், அங்கேயே வாசனை வந்துவிட்டது. ஈத்தர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். அவ்வளவுதான்டா, நான் 1986-க்குப் போய்விட்டேன். என்சிசி ஏர் விங் மைதானம், காக்கி உடுப்பு, உன் விரல் எல்லாம் கண்முன் வந்தது. வேதியியல் ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கிய ஈத்தர், ரேஷன் மண்ணெண்ணெய், உன் அம்மா தலைக்கு வைத்திருந்த விளக்கெண்ணெய். மூன்றையும் சமபங்காகக் கலந்து நீ குலுக்கும்போது நான் வாசலில் காவல் நிற்பேன்.

பெரியவர் ப்ரொப்பெல்லரைச் சுண்டிய விதம் கூட உன்னைப் போலவேதான். அதற்கு ஸ்பார்க் ப்ளக் கிடையாது, பேட்டரி கிடையாது. தலையில் இருக்கும் திருகைக் கொஞ்சம் இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடும், அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். நாலைந்து முறை 'டப், டப்' என்று உதறியது. அவர் திருகைக் கால் சுற்று தளர்த்தினார். சட்டென்று அந்தக் கூர்மையான சத்தம் பிடித்துக்கொண்டது. காதாலேயே கேட்டுக் கேட்டுத் திருகைச் சரி செய்கிற உன் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. உன் ஆள்காட்டி விரலில் ப்ரொப்பெல்லர் வெட்டிய தழும்பு இன்னும் இருக்கிறதா?

இப்போது எஞ்சின் வைத்திருப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் மின் மோட்டார்தான். மூன்று செல் லித்தியம் பேட்டரி, 11.1 வோல்ட், எட்டு பத்து நிமிடம் பறக்கும். நம் காலத்தில் ஐம்பதடிக் கம்பியின் முனையில் விமானம் சுற்ற, நடுவில் நின்று நாமும் தலை கிறுகிறுக்கச் சுற்றினோமே, அந்தக் கம்பியும் இல்லை. ரேடியோ வந்த பிறகும் ரொம்ப நாள் ஒரு தொல்லை இருந்தது. ஒரே அலைவரிசையில் இன்னொருவர் ரிமோட்டைப் போட்டால் பறக்கிற விமானம் கீழே விழும். அதனால் அலைவரிசைக்கு ஒரு கிளிப் என்று பலகையில் மாட்டிவைத்து, கிளிப் கையில் இருப்பவர் மட்டுமே ரிமோட்டைப் போடுவார்கள். ஒவ்வொரு ரிமோட்டும் தன் விமானத்தோடு மட்டும் பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்ததும் அந்தக் கவலை போனது. இன்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் பறக்கவிடலாம்.

இதற்கெல்லாம் அனுமதி வேண்டாமா என்று கேட்டிருந்தாய். சரியான கேள்வி. 2021 ட்ரோன் விதிகளில் 'மாடல்' என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. 25 கிலோவுக்கு மேல் போகாமல், பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ, கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் விடுவது அதில் வரும். அதற்கு வகைச் சான்றிதழ், அதாவது அந்த விமான வடிவமைப்புக்கான அரசு ஒப்புதல், தேவையில்லை. ஆனால் இடம் முக்கியம். இந்தப் பக்கம் கோவை விமான நிலையம், அந்தப் பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். வரைபடத்தில் பச்சை மண்டலம், அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதி, எது என்று பார்த்துத்தான் இடம் பிடிக்கிறோம். அங்கேயும் 400 அடிக்கு மேல் போகக்கூடாது. கூடுதலாக எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு: கயிறு கட்டி, ஆட்கள் இந்தப் பக்கம், விமானம் அந்தப் பக்கம். யார் தலைக்கு மேலேயும் பறக்கக்கூடாது. ஆடு மேய்க்கும் ஆத்தா குளத்துக்குள் இறங்கினால், அவர் கரையேறும் வரை எல்லாம் தரையில்தான். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மாசியில் கூடுவதற்குக் காரணம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் 700 கிராம் விமானம் எம்மாத்திரம்? இப்போது காலை ஆறு மணிக்கு இலை அசையாது.

அந்த அமைதியில்தான் ஒரு அம்மிணி தன் விமானத்துக்கு மெய்டன் போட்டாள், அதாவது முதல் பறப்பு. பொறியியல் இரண்டாம் வருடம். சன்போர்டு என்கிற லேசான நுரை அட்டையில் தானே வெட்டி, ஹாட் க்ளூவில் ஒட்டியது. சிஜி, அதாவது எடை சமமாக நிற்கும் புள்ளி, பார்த்தோம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால் பங்கு தள்ளி இரண்டு விரலில் தூக்கினால் வால் தொங்கியது. வால் கனத்தால் விமானம் சொன்ன பேச்சு கேட்காது. பேட்டரியை முன்னால் தள்ளினாள், போதவில்லை. மூக்கில் ஒரு நட்டை டேப் போட்டு ஒட்டியதும் தராசு போல நின்றது. நான் ஓடிப்போய் வீசினேன். நல்ல பறப்பு. நான்காவது வட்டத்தில் விமானம் அவளை நோக்கித் திரும்பியது.

அங்கேதான் எல்லோரும் தடுமாறுவோம். விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடது இடதுதான். எதிரே வந்தால் இடது வலதாகிவிடும். சொல்லித்தரும்போது கணக்கெல்லாம் வேண்டாம், எந்தப் பக்கம் இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ளு என்போம். அவளுக்கும் தெரியும், ஆனால் பதற்றத்தில் கை மாறிவிட்டது. விமானம் சாய்ந்துகொண்டே தென்னந்தோப்புக்குள் போய் மறைந்தது. சத்தம் கூடக் கேட்கவில்லை.

அடுத்து நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். பறந்துகொண்டிருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்கள். பதினைந்து பேர் தோப்புக்குள் போனோம். அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. அவள் ரிமோட்டை அணைத்தாள். சிக்னல் இல்லாமல் போனால் அவள் விமானத்தின் மோட்டார் பீப் அடிக்கும். யாரும் பேசாதீங்க என்றார் ஒருவர். பதினைந்து பேரும் மூச்சை அடக்கி நின்றோம். மட்டை உரசும் சத்தம், எங்கோ மயில், அப்புறம் மேலே மெல்லிசாகப் பீப்... பீப்... தென்னை உச்சியில், குலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. தோப்புக்காரர் ஆள் ஏற்றி இறக்கித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார், மகனுக்கு ஒருமுறை பறக்கக் காட்டுங்கள் என்றார், அவ்வளவுதான். பேட்டரியை மட்டும் கழற்றி, உப்புகிறதா என்று பார்க்க வெறுந்தரையில் அரை மணி நேரம் வைத்தோம். விழுந்து அடிபட்ட லித்தியம் பேட்டரியைக் காருக்குள் வைக்கக்கூடாது. சாயங்காலம் அந்தச் சிறுவன் பார்க்க, அதே விமானம் மறுபடி பறந்தது. இந்த முறை எதிரே வந்தபோது அவள் கை மாறவில்லை.

இந்த வயதில் கண்ணும் கையும் ஒத்துழைக்குமா என்று எழுதியிருந்தாய் அல்லவா? மேனார்ட் ஹில் என்றொரு அமெரிக்கர் இருந்தார். 2003 ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு ஒரு மாடல் விமானத்தை அட்லாண்டிக்கைத் தாண்ட வைத்தார். பால்சா மரம், எரிபொருளோடு சேர்த்தும் ஐந்து கிலோவுக்கு உள்ளே. ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் ஆள் கை, நடுவில் தானியங்கி. 38 மணி நேரத்துக்கு மேல் பறந்து, 3,000 கிலோமீட்டர் கடந்தது. அதற்கு முன் அனுப்பியவை கடலோடு போயின. அப்போது அவருக்கு 77 வயது. பார்வை பெரும்பகுதி போய்விட்டது, காதும் சரியாகக் கேட்காது. விரலால் தடவித் தடவியே மரத்தை இழைத்தாராம். உனக்குக் கண்ணாடி போட்டால் எல்லாம் தெரிகிறதே!

அதனால் கேட்கிறேன். நாம் காசு போட்டு வாங்கிய எஞ்சின் உன் பரணில்தானே இருக்கிறது? பழைய விளக்கெண்ணெய் பிசின் மாதிரி காய்ந்து இறுகியிருக்கும். கட்டாயப்படுத்திச் சுற்றாதே, உள்ளே கீறிவிடும். மருமகளின் ஹேர் டிரையரால் சூடு காட்டு, இளகும். பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கையால் மெதுவாகத் தள்ளிப் பார்.

அடுத்த கூடல் பங்குனி கடைசி சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் காலையில் நான் ஸ்டேஷனில் நிற்பேன். ஈத்தருக்குப் பெரியவரிடம் சொல்லிவைத்துவிட்டேன். விளக்கெண்ணெய் மட்டும் உன் வீட்டிலிருந்து கொண்டு வா.

உன்,
பழைய காவல்காரன்