ஏலேலோ சொன்ன தம்பிக்கு நன்றி

போன மாதம் யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் ஒரு ஐயாவிடம் அம்பாப் பாட்டு பதிவு செய்யப் போயிருந்தோம். வலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்லும் பாட்டு அது. மைக் முன்னால் ஐயாவுக்கு இரண்டாவது அடியே வரவில்லை. "தனிய எப்படிப் பாடுறது?" என்றார்.

அந்த வழியால் வந்த நீங்கள் சைக்கிளைப் பவளக்கல் மதிலில் சாய்த்துவிட்டு, ஒரு கயிற்றை எடுத்து மறுநுனியை அவர் கையில் கொடுத்தீர்கள். அவர் இழுத்தார், நீங்கள் "ஏலேலோ" என்றீர்கள். அப்புறம் 40 நிமிடம் ஐயா நிறுத்தவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பும் படகைப் பிடிக்கும் அவசரத்தில் உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். பதிவில் உங்கள் குரலும் இருக்கிறது, தம்பி. ஐயாவுக்கு ஒரு பிரதி கொடுத்தாயிற்று. உங்களுக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். மிக்க நன்றி.