லாவன்ஹாம் தச்சர்களுக்குத் தொழில் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள லாவன்ஹாம் கிராமத்தைப் பற்றி, 'அளவு அறியாத அக்காலத் தச்சர்கள் கட்டியதால் வீடுகள் கோணல்மாணலாக நிற்கின்றன' என்று எழுதியிருக்கிறீர்கள். மரவேலை செய்து பிழைத்து, பின்னர் தொழிற்பயிற்சி நிலையத்தில் அதையே கற்றுக்கொடுத்தவன் நான். இப்போது மகள் குடும்பத்தோடு சஃபோக்கில் வசிக்கிறேன். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து மனம் ஆறவில்லை.

அந்த வீடுகள் ஈரம் காயாத ஓக் மரத்தால் கட்டப்பட்டவை. தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள். நன்றாகக் காய்ந்த ஓக்கில் வாச்சியும் உளியும் எளிதில் இறங்கா. அதனால் பச்சையாக இருக்கும்போதே ஒரு மரத்தில் கழுந்தும் (செதுக்கி நீட்டிய முனை), மற்றொன்றில் அது நுழையும் துளையும் எடுத்து, மர ஆணி அடித்துப் பூட்டிவிடுவார்கள். வீடு எழுந்த பிறகு மரம் ஆண்டுக்கணக்கில் காயும், சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். மரச்சட்டம் மொத்தமும் சாயும். ஆனால் பூட்டு விடாது. இரு மரங்களிலும் உள்ள ஆணித் துளைகளை நேர்க்கோட்டில் போடாமல் சற்றே விலக்கிப் போட்டிருப்பதால், ஆணி இறங்க இறங்கக் கழுந்து உள்ளே இழுபட்டு இறுகும். தெருவை நோக்கி நீண்டிருக்கும் மாடிகளின் கீழே நின்று அந்த மூட்டுகளை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் நிற்கும் வேலையைச் செய்தவர்களையா அளவு அறியாதவர்கள் என்கிறீர்கள்?

கோணலை நிமிர்த்தி ஏன் புதிதாகக் கட்டவில்லை என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. 1257-இல் சந்தை நடத்தும் உரிமை பெற்ற ஊர் அது. நீலச் சாயமேற்றிய கம்பளித் துணியால் செழித்து, 1524-ஆம் ஆண்டின் வரிக் கணக்கில் இங்கிலாந்தின் முதல் இருபது செல்வ ஊர்களுள் ஒன்றாக இருந்தது. அந்த நூற்றாண்டிலேயே பக்கத்துக் கோல்செஸ்டர் நகரில் குடியேறிய டச்சு நெசவாளர்கள் மெல்லிய, மலிவான துணியை நெய்யத் தொடங்க, லாவன்ஹாமின் வியாபாரம் படுத்தது. பழையதை இடித்துச் செங்கல்லால் கட்டப் பணமில்லாமல் போனதால்தான் வீடுகள் அப்படியே தங்கின.

இது முதல் முறையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். முன்பொரு இதழில் இதே ஊரை 'வரலாற்றில் எதுவுமே நடக்காத அமைதியான கிராமம்' என்றீர்கள். 1525-இல் எட்டாம் ஹென்றியின் பிரெஞ்சுப் போருக்காக அவருடைய முதன்மை அமைச்சர் கார்டினல் உல்சி கேட்ட வரியை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் திரண்டது லாவன்ஹாமில்தான். அரசர் அந்த வரியையே கைவிட நேர்ந்தது. இதைத் தாங்கள் அறியாதவரல்லர் என்றே நம்புகிறேன். மற்றொரு முறை, எல்லா வீடுகளின் மரச்சட்டங்களுக்கும் கரிய வண்ணம் பூசி ஓவியம் வெளியிட்டீர்கள். கறுப்பு பூசுவது பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம்; இங்கே மரம் வெள்ளி போல் நரைத்தோ, சுண்ணாம்பு பூசியோதான் இருக்கும். அப்போதும் எழுதினேன். பதிலில்லை.

இந்த முறை, திரைப்படப் படப்பிடிப்பு நடந்த ஒரு வீட்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். 141 அடி உயரக் கோபுரத்தோடு நிற்கும் தேவாலயத்துக்கு ஒரு வரி. அதைக் கட்டப் பணம் கொடுத்தவர்களில் ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் பெயர் உங்கள் கட்டுரையில் இருக்கிறது. அவரைப் போலவே பணம் கொடுத்த துணி வணிகர் தாமஸ் ஸ்பிரிங்கின் பெயர் இல்லை. 1911-ஆம் ஆண்டு வாக்கில் 'கம்பளி மண்டபம்' என்ற பழைய கட்டடத்தைப் பிரித்து வேறிடம் கொண்டுபோக முற்பட்டபோது ஊரார் எதிர்த்து நின்று மீட்டு, மறுபடி அதே இடத்தில் நிறுத்த வைத்தார்கள். தங்கள் ஊர்க் கட்டடத்துக்காகப் போராடிய அந்த மனிதர்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

நான் கேட்பது அதிகமில்லை. தச்சர்களைப் பற்றிய அந்த வாக்கியத்துக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, 'அரசரின் அரண்மனை' என்று நீங்கள் குறிப்பு எழுதியிருக்கும் படத்தையும் கவனியுங்கள். அது கார்பஸ் கிறிஸ்டி என்ற சமயச் சங்கத்தார் ஏறத்தாழ 1530-இல் கட்டிய மண்டபம். பிற்காலத்தில் சிறையாகவும் ஏழைகள் இல்லமாகவும் இருந்தது. எந்த அரசரும் அங்கே வாழ்ந்ததில்லை. அந்தக் குறிப்பையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலைப் பயிற்றுநர்,
சஃபோக், இங்கிலாந்து